இடது சீட்டின் எடை

மாசிலாமணிக்குக் கம்பெனி கொடுத்த வேலை டயர் கிடங்கைப் பார்த்துக்கொள்வது. அவர் பெரும்பாலும் செய்த வேலை, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இடது சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பது.

நகரியில் வீடு. காலை ரயிலில் ரேணிகுண்டா வந்து இறங்கி, கம்பெனி பஸ் பிடித்து ஏர்பேடு பக்கம் போவார். அங்கே ஒரு டயர் கம்பெனி, காரை வட்டமாக ஓட்டிப் பார்க்க ஒரு தளம் வைத்திருந்தது. தளத்தில் எப்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஈரத்தில் எந்த டயர் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக.

கார் ஓட்டுவது ஹரிப்ரியா. திருத்தணிக்காரர், இன்ஜினியர். காரில் இரண்டே சீட்டு. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருந்ததால் பின்பக்கம் கனம், முன்பக்கம் லேசு. ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்தால் இடது பக்கம் காலி. அதைச் சரிக்கட்ட, ஒரு ஆளும் அவருடைய பெட்டியும் இருக்கும் எடைக்கு மணல் மூட்டை வைத்து பெல்ட் போட்டார்கள். ஒரு நாள் வளைவில் மூட்டை கிழிந்து கார் முழுக்க மணல். ஹரிப்ரியா இறங்கித் தலையைத் தட்டிக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார். மாசிலாமணி டயர் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க வெயிட் இன்னா?"

"நூத்தி நாலு மேடம்."

"மூட்டையும் அவ்ளோதான். வந்து உக்காருங்க."

மாசிலாமணிக்கு ஹெல்மெட் கொடுத்தார்கள். முதல் இரண்டு சுற்று அவர் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் ஹரிப்ரியா வளைவின் நடுவே வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கனம் முன்னால் சாய்ந்தது, பின் டயர்கள் பிடியை விட்டன, கார் அப்படியே திரும்பி நின்றது.

"மேடம், நாம வந்த வழி தெரியுது."

"ஆமாண்ணா. பின் டயர் முன் டயருக்கு முன்னாடி விட்டுடுச்சு. அப்பிடி ஆச்சுன்னா வால் சுத்திகினு வந்துடும். முன் டயர் மொதல்ல விட்டா, ஸ்டீயரிங்க எவ்ளோ திருப்பினாலும் கார் நேரா போய்க்கினே இருக்கும். ரெண்டும் இல்லாம பண்றதுதான் நம்ம வேலை."

நம்ம வேலை என்று அவர் சொன்னது மாசிலாமணிக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து இடது சீட்டு அவருடையது. வீட்டில் மனைவி செங்கமலம் கேட்டார்.

"புது வேல இன்னா?"

"உக்காந்துகினு இருக்கறது."

"அதுக்கா சம்பளம் தர்றான்?"

"நவுந்தா தரமாட்டான்."

கொஞ்ச நாளில் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ரேணிகுண்டாவில் டாக்டர் ஜமீலா ரத்தம் எடுத்துப் பார்த்து, சுகர் என்று சொன்னார். "பருவு தக்கிஞ்சாலி" என்றார். எடையைக் குறைக்க வேண்டும் என்பதைத் தெலுங்கில் கேட்டபோது மாசிலாமணிக்கு அது இன்னும் பெரிய விஷயமாகத் தெரிந்தது. செங்கமலத்துக்கு எந்த மொழியிலும் பெரிய விஷயம்தான். சோறு பாதியானது. ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. விடிந்ததும் ஸ்டேஷன் வரை நடை, ஆட்டோ கிடையாது. மாசிலாமணி மெதுவாக இளைத்தார். தினமும் பார்க்கிற யாருக்கும் அது தெரியவில்லை. யூனிஃபார்ம் முதலிலிருந்தே தொளதொள.

அதே மாதங்களில் கம்பெனியின் புது டயர் சோதனையில் மேலே மேலே போனது. டயர் வடிவமைப்புக்குத் தலைவர் கோவிந்த், திருப்பதிக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவரே ஒரு நாள் கைதட்டினார். சென்னையிலிருந்து ஒரு கார் கம்பெனிக்காரர்களை வரச் சொல்லிவிட்டார்.

ஹரிப்ரியாவுக்கு மட்டும் உறுத்தியது. கார் வலது பக்கம் திரும்பும்போதுதான் முன்னேற்றம். இடது பக்கம் திரும்பினால் பழைய கதை. காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். டயர்களை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் கிடங்கிலிருந்து பழைய மாடல் டயரை எடுத்து மாட்டி ஓட்டினார். அதுவும் முன்னைவிட நன்றாக ஓடியது.

"பழைய டயர் எப்படி சார் நல்லாகும்?" என்று கோவிந்திடம் கேட்டார்.

ஆளோடு சேர்த்துக் காரை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கீழே தனித்தனி எடைமேடை வைத்தார்கள். இடது பக்கம் குறைந்திருந்தது. வலது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது டயர்களில் விழும். அந்தப் பக்கம் லேசானால் டயருக்குச் சுலபம். ஹரிப்ரியா பெட்ரோலைப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இடது சீட்டில் இருந்தவரைப் பார்த்தார்.

"அண்ணா, எவ்ளோ எறங்கியிருக்கீங்க?"

"பதினாறு கிலோ மேடம். சுகரு."

கோவிந்த் எடைமேடையில் இருந்த எண்ணை இன்னொரு தடவை படித்தார். "ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாசிலாமணி?"

"யாரும் கேக்கல சார். டாக்டரம்மாதான் எறக்கச் சொன்னாங்க."

கோவிந்த் சென்னைக்குப் போன் செய்து, வர வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன் என்றார். காரணத்தை எப்படிச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று சாயந்தரம் மாசிலாமணி ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் களியை ஒதுக்கினார்.

"சோறு போடும்மே. நல்லா போடு."

"எதுக்கு?"

"ஒடம்பு ஏறணும். இல்லன்னா அந்த சீட்டு போயிடும்."

செங்கமலம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சோறு போடவில்லை. "சீட்டுக்காவ சாவப் போறியா? கிடங்குல டயர் உருட்டு. ஒடம்புக்கும் நல்லது. களிய துன்னு." மாசிலாமணி களியைத் தின்றார்.

மறுநாள் அவர் நேராகக் கிடங்குக்குப் போய்விட்டார். ஹரிப்ரியா தேடிக்கொண்டு வந்தார்.

"இங்க இன்னா பண்றீங்க? சீட்டு காலியா இருக்குது."

"என் வெயிட்டு பத்தாதே மேடம்."

"பத்தலன்னா சேத்துக்கலாம்."

திருப்பதியில் ஒரு டெய்லரிடம் தடித்த கான்வாஸில் ஒரு கோட்டு தைக்கச் சொன்னார்கள். நிறைய பை வைத்த கோட்டு. இனி காலையில் மாசிலாமணியை எடை போட்டு, நூற்று நாலு வரும்வரை பைகளில் ஈயக் குண்டு போட வேண்டும். அந்தக் கோட்டோடு எல்லா டயரையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். புது டயர் பழையதைவிடக் கொஞ்சம்தான் மேல். கோவிந்த் முன் டயரின் ரப்பரை மாற்றினார், மறுபடி மாற்றினார். ஒரு வருஷம் கழித்து டயர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியது. சென்னைக்காரர்கள் வந்து பார்த்து, வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனி சொன்ன நாளில் செங்கமலம் வந்தார். ஆணியில் தொங்கிய கோட்டை ஒரு கையால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"இத்தினி கனத்தையா ஒடம்புல வெச்சிகினு சுத்தின?"

"இப்பவும் வெச்சிகினுதான் சுத்தறேன். சாயந்தரம் கழட்டிடலாம், அதான் வித்தியாசம்."

ஹரிப்ரியா செங்கமலத்தை இடது சீட்டில் உட்காரவைத்து மெதுவாக ஒரு சுற்று போனார். செங்கமலம் வேகமாகவே போகச் சொன்னார். இரண்டாவது சுற்றில் பின்பக்கம் லேசாக வழுக்கி நேரானது. இறங்கி வந்ததும் மாசிலாமணி ஆவலோடு பக்கத்தில் போனார்.

"எப்பிடி இருந்துச்சு?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றார் செங்கமலம், புடவையைச் சரிசெய்துகொண்டே. "ரோட்டுல எவனோ தண்ணிய ஊத்தி வெச்சிருக்கான். அத மொதல்ல நிறுத்தச் சொல்லு."