லோரீனின் கைக்கு ஒரு பிடி

ஆர்விட் டோலஃப்சன் என்றொருவன் தங்கள்மேல் அமர்ந்ததுண்டு என்பதையே அந்த வீட்டு நாற்காலிகள் மறந்திருந்தன. மனைவி லோரீன் ஷெரீப் அலுவலகத்தில் துணைக் காவலராய்ச் சேர்ந்து, மாலையானதும் ரோந்து வண்டியோடு கோதுமை வயல்களுக்கு நடுவே மறையத் தொடங்கிய நாள்முதல் அவன் இப்படித்தான். காவல் வண்டிகளின் பேச்சைப் பிடிக்கும் ரேடியோ ஒன்று சமையலறை அலமாரிமேல் கரகரத்துக்கொண்டே இருக்கும். அதில் அவள் குரல் கேட்டால் நிற்பான், கேட்காவிட்டால் நடப்பான். பகலெல்லாம் தானியக் கிடங்கில் உழைத்த கால்கள் அந்தியில் ஓய்வு கேட்கும், நெஞ்சு கொடுக்காது.

சென்ற பனிக்காலத்தில், மில்க் ஆற்றுப் பாலத்தருகே அவள் நிறுத்திய குடிகாரன் ஒருவன் கார்க் கதவை அவள் கைமேல் அறைந்து சாத்தினான். கட்டைவிரல் எலும்பு முறிந்தது. கூடும்போது கோணலாய்க் கூடியது. அதன்பின் ரிவால்வர் அவளுக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு குண்டின் உதைப்பிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த மரக் கைப்பிடி உள்ளங்கைக்குள் திரும்பிக்கொண்டது. ஆண்டுதோறும் நடக்கும் சுடும் தேர்வில் தோற்றாள். ஷெரீப் நல்ல மனிதர்; சனிக்கிழமை மறுபடி சுடலாம் என்றார். அதிலும் தவறினால் ரோந்து கிடையாது, தொலைபேசி மேசைதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தச் சாலைகளில் ரோந்து போன முதற்பெண் அவள். செய்தியை வீட்டில் சொல்லி முடிக்கும்வரை தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“பிடியை நான் செஞ்சு தரேன்” என்றான் ஆர்விட்.

மரம் தேடி எங்கும் போகவில்லை. விருந்து நாட்களில் சாப்பாட்டு மேசையை நீட்டிப் போடும் உபரிப் பலகை கட்டிலடியில் கிடந்தது. கரிய வால்நட் மரம், சுழித்தோடும் நீர்போல் ரேகை. அதன் முனையை அவன் அறுக்கும் ஓசை கேட்டு லோரீன் கார் ஷெட்டுக்கு வந்தாள்.

“நன்றித் திருநாளுக்கு ஒங்க அக்கா வந்தா எங்க உக்காருவாங்க?”

“நின்னுக்கிட்டே சாப்பிடட்டும். சீக்கிரம் கெளம்புவாங்க.”

அவள் சிரித்தாள். பிறகு ரிவால்வரின் உருளையைத் திறந்து, குண்டறைகள் யாவும் வெறுமை என்பதை அவன் கண்ணுக்குக் காட்டி, அவனும் பார்த்துத் தலையசைத்த பின்னரே கையில் கொடுத்தாள். உணவுக்கு முன் சொல்லும் வேண்டுதல்போல் அவ்வீட்டில் அது ஒருபோதும் தவறியதில்லை.

பக்கத்துக்கொன்றாய் இரு துண்டுகள். இரும்புச் சட்டத்தின் வளைவுக்கேற்ப உட்புறத்தைக் குடைந்தான். எங்கே முட்டுகிறதென்று அறிய இரும்பில் விளக்குக் கரியைத் தடவி, மரத்தை அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவினான். மரமும் இரும்பும் இடையில் மயிரிழையும் நுழையாதபடி பொருந்தின. பின்பு வெளிப்புறம். அரத்தால் உருட்டுவான், பிடித்துப் பார்ப்பான். ரேடியோ கரகரக்கும், கதவுவரை ஓடிக் காது கொடுப்பான். திரும்பி வந்து உப்புத்தாளால் தேய்ப்பான். மறுபடி பிடித்துப் பார்ப்பான். ஆளிவிதை எண்ணெய் ஊறியதும் மரத்தின் ரேகைகள் உயிர்பெற்று எழுந்தன. அவனறிந்தவரை அவன் கைகள் செய்தவற்றுள் அதுவே தலையாயது.

வியாழனன்று ஜல்லிக்கல் குழியில் அவள் சுட்டுப் பார்த்தாள். குண்டுகள் இலக்கு அட்டையெங்கும் சிதறின. கட்டைவிரல் வீங்கிச் சிவந்தது. வீடு திரும்பினர். ஷெட்டில் அவள் உருளையைத் திறந்து காட்டி, துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள்.

“நீ பிடி.”

பிடித்தான். ஒவ்வொரு விரலும் தன் இடம் அறிந்து அமர்ந்தது. அவன் தோளிலிருந்தே முளைத்ததுபோல் நின்றது ரிவால்வர்.

“இது யாரு கை, ஆர்விட்?”

 ஒவ்வொரு முறை தேய்த்தபின்னும் பிடித்துப் பார்த்த கை எதுவென்று அவனுக்கு இப்போதுதான் விளங்கிற்று.

“இரும்புக்குக் கரி தடவிப் பாத்த. என் கையை ஒரு தடவ பாத்தியா?”

பார்க்கவில்லை. மாவுக்கட்டு அவிழ்த்த நாள்முதல் அந்த விரலின் பக்கமே அவன் கண் போனதில்லை. உணவு மேசையில் உப்பை நீட்டும்போதும் சுவரைத்தான் பார்த்தான்.

“எனக்குப் பதிலா நீயே போயிடலாம்னு பாத்தியோ?” அவள் குரலில் கேலி பாதிதான்.

“முடிஞ்சா போயிருப்பேன்” என்றான்.

லோரீன் வீட்டுக்குள் போய், ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் பூசும் உதட்டுச்சாயத்தை எடுத்து வந்தாள்; வலக்கையை விரித்து அவன்முன் வைத்தாள்.

“தடவு. மொதல்ல அந்த ரேடியோவ நிறுத்து. நான் இங்கதான இருக்கேன்.”

உள்ளே போய் நிறுத்திவிட்டு வந்தான். கோணல் கணுவின் மேடு, விரலடியில் வரிந்த தழும்பு, அஞ்சியஞ்சி ஒதுங்கிய இடமெல்லாம் சிவப்பு தடவினான். அவள் பிடியை இறுகப் பற்றி விடுவித்தாள். மரத்தில் சிவந்த இடத்தைச் சீவினான், மீண்டும் தடவினான். அழகிய சுழிரேகை ஒன்று கட்டைவிரலுக்குப் பள்ளம் பறித்ததில் போயிற்று. மெருகு போயிற்று. வெள்ளி மாலைக்குள் அது கடித்துப் போட்ட ஆப்பிள் போலாகிவிட்டது.

சனிக்கிழமை சுடுதளத்துக்கு அவன் போகவில்லை. முற்றத்துக் களையைப் பிடுங்கினான். களை தீர்ந்தபின் புல்லையும் பிடுங்கினான். கார் வந்து நின்றது. லோரீன் இறங்கி, “ஷெரீப்புக்கு ஒரு வருத்தம். இவ்வளவு அசிங்கமான பிடிய அவர் பாத்ததே இல்லையாம்” என்றாள். “இன்னிக்கே ரோந்து.”

அவன் வேண்டியது அதுதான், அதற்காகவே உழைத்தான். ஆயினும் மீண்டும் குனிந்து புல்லைப் பிடுங்கினான்.

மாலையில் சீருடை அணிந்து, உருளையைத் திறந்து காட்டி, அவன் கையில் வைத்தாள். ஆர்விட் பிடித்துப் பார்த்தான். எந்த விரலுக்கும் இடமில்லை. பள்ளம் இடறியது, மேடு உறுத்தியது. மரத்தின் துளைகளில் கழுவியும் போகாத சிவப்பு.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“எனக்குச் சேரல.”

அவள் வாங்கி, குண்டுகளை நிரப்பி, உறைக்குள் இட்டுப் புறப்பட்டாள். வண்டியின் புழுதி அடங்குமுன் ஆர்விட் ரேடியோவைத் திருகிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகைப் பற்றியபடி நின்றான்.