சீனிக்குப் பதிலா சக்கரவள்ளி

காய்கறிக் கடை போட்டா காய வித்தா போதும்னு நெனச்சுத்தான் மலேசியாவுல ஈப்போ பாசார்ல, அதான் சந்தையில, வந்து உக்காந்தேன். இப்ப பாதி நேரம் வைத்தியம் சொல்லியே தொண்டை வத்திப் போகுது. கடை வச்சிருக்கிறவங்க யாராவது இதப் படிச்சா, என் வயித்தெரிச்சல் உங்களுக்கே புரியும்.

திடீர்க் கிராக்கி

முன்னாடியெல்லாம் பரங்கிக்காயத் தூக்கிப் பாத்துட்டு, "ரொம்ப இனிக்குமே, சாம்பார் கெட்டுரும்"னு கீழ வச்சிருவாங்க. இப்ப எவனோ போன்ல வீடியோ அனுப்பிட்டான்: சீனி ஆசை வந்தா இனிக்கிற காயாச் சாப்பிடுங்கன்னு. அவ்வளவுதான்! பரங்கி, கேரட்டு, பீட்ரூட்டு எல்லாம் பத்து மணிக்குள்ள காலி.

மொத ஆளா வந்தது சரோஜா அக்கா. செமோர் பக்கத்து எஸ்டேட்டுல இருந்தவங்க, இப்ப ஃபேக்டரியில கையுறை அடுக்குறாங்க. இனிப்பு நீர், அதான் சக்கர வியாதி, ஏறிக் கெடக்கு. அடுத்த மாசம் ரத்தம் பாக்குறப்ப குறையலன்னா தினமும் ஊசிதான்னு கிளினிக்ல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஊசின்னாலே அக்காவுக்குப் பயம், பாவம். பீடோர்ல இருந்து வந்த சக்கரவள்ளிய ரெண்டு கிலோ அள்ளிப் போட்டுக்கிட்டுச் சொன்னாங்க: "எனக்கு ஊசி வேணாம்லா தங்கச்சி, நீ கெழங்கக் கொடு."

கேரட்டு அண்ணன்

லோரி ஓட்டுற முனியாண்டி அண்ணனுக்கும் இதே வியாதி, இதே வீடியோ. காலையில வந்து ஒரு கேரட்ட எடுத்து, கழுவக்கூட இல்லாம, நறுக்கு நறுக்குன்னு கடிப்பாரு. இன்னொரு கையில பிளாஸ்டிக் பையில கட்டுன தே தாரிக், நொர ததும்புற பால் டீ, தொங்கும், அடியில இனிப்புக் கட்டிப்பால் ஒரு விரக்கட நிக்கும்.

"என்னண்ணே, பாலு சீனி ரெண்டும் இல்லாம தே ஓ கோசோங் குடிக்கக்கூடாதா?"ன்னு கேட்டேன். எனக்குத்தான் அறிவில்லங்கற மாதிரி சிரிச்சாரு. "கேரட்ட எதுக்குத் தின்றேன்? இந்தத் தேயச் சரிக்கட்டத்தானே!"

டப்பாவுல வந்தது

ரெண்டாவது வாரம் சரோஜா அக்கா ஒரு டப்பாவோட வந்தாங்க. நான் சொன்னபடியே பரங்கிக்காய் செஞ்சாங்களாம். நான் சொன்னது ஆவியில வேக வைக்கச் சொல்லி. தொறந்தா தேங்காப்பால் மெதக்குது, ஜவ்வரிசி மெதக்குது, நெறம் கருப்பா மினுமினுக்குது. ஒரு கரண்டி வாயில வச்சேன். அடக் கடவுளே, அப்படி ஒரு ருசி! அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அடுத்த மாசம் ஊசின்னு ஒரு பக்கம் அழுதுக்கிட்டு, இன்னொரு பக்கம் பாயசம் கிண்டினா என்னதான் பண்றது?

"ஏங்க்கா, சீனி போடாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"ன்னு கத்திட்டேன். பக்கத்துக் கடை மீன்காரர் கூடத் திரும்பிப் பாத்தாரு. அக்கா கோவிச்சுக்கல. டப்பாவ மூடி என் கையில திணிச்சாங்க. "சீனி எங்க போட்டேன்? இது குலா மலாக்காலா, தென்ன வெல்லம், மரத்துல இருந்து வருது!"

ரத்தம் பாத்த நாள்

அதுக்கப்புறம் அக்கா நெசமாவே திருந்திட்டாங்க. தேங்காப்பால் இல்ல, வெல்லம் இல்ல, வெறுமனே வேக வச்ச கெழங்கு. வாராவாரம் வந்து ரெண்டு கிலோ வாங்குவாங்க. எனக்கே பெருமையா இருந்துச்சு, நாலு பேருக்கிட்ட சொல்லி வேற வச்சிருந்தேன்.

அடுத்த மாசம் ரத்தம் பாத்த அன்னிக்கு கிளினிக்ல இருந்து நேரா கடைக்கு வந்தாங்க. கண்ணு செவந்திருந்துச்சு. பைக்குள்ள இருந்து ஊசிப் பொட்டலத்த எடுத்துக் காட்டினாங்க. குறையல, ஏறியிருக்காம். தராச ஓரமா வச்சுட்டு நான் கேட்டேன்.

"கெழங்கு ஒழுங்காச் சாப்பிட்டீங்கல்ல?"

"ஒரு நாள் விடல தங்கச்சி. மூணு வேளையும்."

"சோறு?"

அக்கா என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. "கெழங்கு மருந்து, சோறு சாப்பாடு, மருந்து சாப்பிட்டா சோறு சாப்பிடக்கூடாதுன்னு உலகத்துல எவன் சொல்லியிருக்கான்?"

ஒரு மாசமாச் சிரிச்சுச் சிரிச்சுக் கெழங்கு நிறுத்துக் கொடுத்த நானு, 'கெழங்கும் சோறு மாதிரிதான்க்கா, ரெண்டையும் அளவாச் சாப்பிடுங்க'ன்னு ஒரு தடவகூடச் சொல்லல, சொன்னா ரெண்டு கிலோ ஒரு கிலோ ஆயிருமே!