அவள் ஓட்டாத வண்டி

வண்டியை ஓட்டியவன் நான். என் மனைவி அல்ல.

ஏழு ஆண்டுகளாக இந்த ஒரு வரியை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

அப்போது வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தோம். ஆவடிக்குத் திரும்புவதற்கு முன் நான்கு நாள் விடுமுறைக்காக ஒரு கரீபியன் தீவுக்குப் போனோம். காட்டுப் பாதையில், சேற்றிலும் ஓடையிலும் நாமே ஓட்டிச் செல்லும் திறந்த வண்டிகள்... ஆறு வண்டிகள் வரிசையாகப் போகும். முன்னால் வழிகாட்டி. கடைசி வண்டி எங்களுடையது.

வழிகாட்டியின் பெயர் டெல்ராய். கிளம்பும் முன் என் அருகில் வந்தவர் மதிய உணவோடு நான் குடித்திருந்த ரம்மின் வாடையை உணர்ந்துவிட்டார். கோபப்படவில்லை; நான் ஓட்டவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். சாவியை என்னைத் தாண்டி என் மனைவி அமுதாவிடம் நீட்டினார். ஓட்டுநர் என்று படிவத்தில் அவள் பெயரை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

அமுதா நூம்பல் கிராமத்தில் பிறந்தவள். பள்ளி நாட்களிலேயே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். அந்தச் செம்மண் சேற்றில் அவள் வண்டியைத் திருப்பிய லாகவத்தைப் பார்த்து முன்வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருந்துவிட முடியும்?

ஓடையைக் கடந்ததும் மற்ற வண்டிகள் ஒரு வளைவில் மறைந்தன. நிறுத்தச் சொன்னேன்.

"கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன். யாரும் பாக்கல."

"வேணாங்க. அவரு அவ்ளோ சொன்னாருல்ல?"

"உன் பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்துக்கிட்டு வரவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இறங்கி இடம் மாறினாள்.

முன்னே போனவர்களைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் வேகத்தைக் கூட்டினேன். அவள் ஒருமுறை என் கையைத் தொட்டாள்... நான் குறைக்கவில்லை. வளைவில் திரும்பியபோது பாதையின் நடுவே டெல்ராய் நின்றிருந்தார். எங்களைக் காணவில்லையே என்று தேடி நடந்து வந்திருக்கிறார்.

இடித்தேன். வண்டி கவிழ்ந்தது.

எனக்குச் சிராய்ப்பு மட்டும். அமுதாவுக்குத் தலையில் அடி. மருத்துவமனையில் மறுநாள் காலை தெளிவாகக் கண் விழித்தாள். சாப்பிட்டதும் சாவியை வாங்கியதும் நினைவில் இருந்தன. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை.

"அவருக்கு என்ன ஆச்சுங்க?"

"ஒரு காலை எடுத்துட்டாங்க."

பிறகு கேட்டாள்: "நான்தானே ஓட்டினேன்?"

நான் தலையசைத்தேன்.

அவ்வளவுதான். ஒரு சொல்கூட நான் பேசவில்லை. பேசாததால் அது பொய்யில்லை என்று ஆகிவிடுமா?

டெல்ராயைப் பார்க்கப் போனேன். அவருக்கு எல்லாம் தெரியும். மோதும் முன் என் கண்களைப் பார்த்தவர் அவர். "படிவத்தில் உள்ளபடியே நானும் போலீசிடம் சொல்லிவிட்டேன். குடித்தவன் கைக்கு வண்டி போக விட்டேன் என்றால் எனக்குப் பிழைப்பு இருக்காது" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது... ஆம், நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆவடியில் சேக்காட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அமுதா எந்த வண்டியையும் தொடவில்லை. அவளுடைய ஸ்கூட்டரை விற்றுவிட்டாள். திருமழிசைப் பக்கம் கிடைத்த நல்ல வேலையை, போய்வர வண்டி ஓட்ட வேண்டும் என்பதற்காகவே மறுத்தாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால்கூட ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறாள். வெள்ளிதோறும் திருவேற்காடு கோயிலில், முகம் மட்டும் நினைவில் நிற்கும் அந்த மனிதருக்காக விளக்கேற்றுகிறாள்.

ஒருமுறை மாமனார் என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்.

"இன்னா மாப்ள, டிராக்டரே ஓட்டுன புள்ள, இப்ப சைக்கிள பாத்தாக்கூட பயந்துகினு கீது. நீங்களாவது பக்கத்துல குந்திகினு தைரியம் சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் மாமா என்றேன்.

சென்ற மாதம் அமுதா எப்படியோ தேடி டெல்ராயின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். எங்கள் வீட்டுக்கென்று உள்ள பொதுவான மின்னஞ்சலிலிருந்துதான் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. அம்பத்தூரில் அலுவலகத்தில் இருந்த நான் முதலில் பார்த்தேன்.

'அம்மா, நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அன்று ஓட்டியது நீங்கள் அல்ல. என் வேலைக்குப் பயந்து உங்கள் பெயரைச் சொன்னேன். நான்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் கணவர் இதை எப்போதோ சொல்லியிருப்பார் என்று நம்பியிருந்தேன்.'

இரண்டு முறை படித்தேன். அழித்தேன். அழித்தவை சேரும் இடத்துக்கும் போய், அங்கிருந்தும் அழித்தேன்.

அந்தத் தீவில் நடந்ததையாவது போதை என்றும் பயம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்? பட்டப்பகலில், தெளிந்த புத்தியோடு, அவளுக்கு வந்த விடுதலையை என் விரலால் அழித்தேனே...

சொல்லிவிடலாம் என்று தினமும் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்பது, "பதில் ஏதாவது வந்துச்சா?" இல்லை என்கிறேன்.

சென்ற ஞாயிறு, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு என்னை மன்னிக்கலங்க. அவர் நிலைமையில இருந்தா நானும் மன்னிக்க மாட்டேன்."

இப்போது பக்கத்து அறையில் இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். சற்று முன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள்.

"முதல் கடிதத்துல சாக்குப்போக்கு மாதிரி தெரிஞ்சிருக்குமோ என்னவோ. நான்தான் செஞ்சேன்னு நேரா ஒத்துக்கிட்டா நல்லாருக்கும்ல?"

நல்லாருக்கும் என்றேன். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.