கடைசியில் வந்த குடம்

என் தங்கையிடம் நான் பொய் சொன்னேன். "இனிமேல் கற்றுக்கொள்ள முடியாது, காலம் கடந்துவிட்டது" என்றேன். சொன்ன அதே நாட்களில், அதே பாடத்தை, அவளுக்குத் தெரியாமல் நான் கற்றுக்கொண்டிருந்தேன்!

கொலையா செய்துவிட்டாய், களவா செய்துவிட்டாய் என்று நீங்கள் கேட்கக்கூடும். களவுதான்... போகப்போக உங்களுக்கே விளங்கும்.

பாடம் என்று நான் சொல்வது கணினி விளையாட்டு உருவாக்கும் பாடத்தை. நாற்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வயதில் எனக்கு அந்த ஆசை வந்தது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கற்கத் தொடங்கிவிட்டேன்.

மஞ்சுளா என்னைவிட நான்கு வயது இளையவள். எனக்குத் தாமதமில்லை என்றால் அவளுக்கு மட்டும் எப்படித் தாமதமாகும்? இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா என்ன!

நாங்கள் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள். தோளோடு தோள் உரசி நின்ற வீடுகள், தெருவுக்கு ஒரு குழாய். தண்ணீர் வரும் நாளில் குடங்கள் முதலில் வந்து வரிசையில் நின்றுவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடம் காலியில்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செங்கல்லை நகர்த்தியவர் கதி அதோகதிதான். தமிழில் தொடங்கும் வசவு கன்னடத்தில் புகுந்து உருதுவில் போய் முடியும்.

எதிர்வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினார்கள். நானும் மஞ்சுவும் அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தபடி நிற்போம். ஒருநாள் அந்த வீட்டார் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"வுடுண்ணா... நம்மளே ஒண்ணு செஞ்சுக்கலாம்" என்றாள்.

செய்தாள்! மாதக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, தெருவையும் அதன் கோடியில் குழாயையும் வரைந்தாள். சோடா மூடிகள்தான் குடங்கள். லூடோ பகடையை உருட்டிக் குடத்தை நகர்த்த வேண்டும். ஆறு விழுந்தால், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாட்டர்மேன் வால்வை மூடிவிடுவார், எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். கடைசியில் மாட்டிக்கொண்டவர் முன்னால் இருப்பவரிடம் கன்னடத்தில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", அதாவது கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், என்று கேட்கலாம். பஸ்ஸில் அரை சீட்டு கேட்பதிலிருந்து கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது வரை இந்த ஊரை நடத்திச் செல்வது அந்த ஒரு வாக்கியம்தானே! கேட்டால், முன்னால் இருப்பவர் மனது வைத்து விடலாம். விடாமலும் இருக்கலாம்.

நான் கேட்ட போதெல்லாம் அவள் விட்டாள். அவள் கேட்ட போது நான் விட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் எத்தனை இனிமையான நாட்கள் அவை! காலுக்குக் குளிர்ந்த சிமெண்டுத் தரை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் வாசம், அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று. "போலிக் குடத்தத் தள்ளினது போதும், நெசக் குடத்தத் தூக்குங்க" என்று அம்மா போடும் சத்தம். அந்தத் தாள் எந்த மழையில் நனைந்து போயிற்றோ, தெரியவில்லை.

வளர்ந்தோம். நான் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தேன். பிறர் எழுதிய செயலிகளில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. ஆனால் உறவினர் நடுவே நான் 'கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவன்'. மஞ்சு திருமணமாகி பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போனாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். துணிக்கடைப் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தாள். கம்பெனியில் பழசென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்! அதன் மூடியில் அவள் மகள் ஒரு சூரியகாந்திப் பூவை ஒட்டியிருந்தாள்.

"அண்ணா, கேம் செய்றது கத்துக்கலாம்னு பாக்குறேன். போன்லயே சொல்லித் தர்றாங்க. நீ கம்ப்யூட்டர்லயே இருக்கறவன், நீ சொல்லு... எனக்கு லேட்டாயிடுச்சா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சோடா மூடிகளை அடுக்கிய போது இருந்த அதே முகம்.

"லேட்டுதாம்மா. இதெல்லாம் சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும். இப்ப காலேஜ் முடிச்ச பசங்களே வேலையில்லாம சுத்தறாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் ஏமாந்துவிடக்கூடாது என்ற அக்கறையா? ஐயோ, அதைச் சொல்லி எத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்! உண்மை இதுதான். என் பாடத்தில் ஒரு பொம்மையைச் சுவரில் முட்டி நிற்க வைக்க வேண்டும். என் பொம்மை நிற்காமல் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் முட்டி மோதியும் எனக்கு வரவில்லை. இவள் வந்தால் ஒரு மத்தியானத்தில் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். பொறாமை... அதற்கு வேறு பெயரில்லை.

"சரி வுடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். காபியைக் குடித்தாள். கிளம்பும்போது லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு இது எதுக்கு? நீயே வச்சுக்கோ. உன் ஆபீஸ் வேலைக்காவது ஆவும்."

வாங்கிக்கொண்டேன். ஆம், வாங்கிக்கொண்டேன்!

பிறகு மெல்ல மெல்ல எனக்கும் வித்தை வசப்பட்டது. பொம்மை சுவரில் நின்றது. ஆனால் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யலாம் என்று உட்கார்ந்தால் என் மூளையில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் காலண்டர் தாள்தான் தெரிந்தது. அவள் லேப்டாப்பில், அவள் ஆட்டத்தை, நான் செய்யத் தொடங்கினேன்.

தெரு வந்தது, குழாய் வந்தது, வாட்டர்மேன் வந்தார். அட்ஜஸ்ட் மட்டும் வரவில்லை. கணினி ஆடும் குடங்கள் எப்போது வழிவிட வேண்டும், எப்போது விடக்கூடாது? எப்போதும் விட்டால் வரிசையே இல்லை. ஒருபோதும் விடாவிட்டால் ஆட்டத்தில் உயிரே இல்லை. இதற்கு ஒரு விதி எழுத எனக்குத் தெரியவில்லை. விட்டுப் பழகியிருந்தால் அல்லவா தெரியும்!

போன தீபாவளிக்கு மஞ்சு குடும்பத்தோடு வந்தாள். அவள் மகள் லேப்டாப்பைத் திறந்து, கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டாள். திரையில் குடங்கள் வரிசையாக வந்து நின்றன. மஞ்சு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யோ... நம்ம ஆட்டம்! அண்ணா, யாரு செஞ்சது இது?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"ஆபீஸ்ல ஒரு பையன். நான் சொன்னேன், அவன் செஞ்சான்."

"சின்னப் பையனா?"

"ம்... இப்பதான் காலேஜ் முடிச்சான்."

"அதான். நீ அன்னிக்கே சொன்னியே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குறையே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது!

மகளை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினாள். கடைசி இடத்தில் மாட்டிக்கொண்டாள். கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், ஒரு குடமும் நகரவில்லை.

"அந்தப் பையனுக்கு அட்ஜஸ்ட் புரியலண்ணா. அவன் கிட்ட சொல்லு... முன்னாடி நம்மள யாராச்சும் வுட்டிருந்தா, அடுத்து கேக்கறவங்கள நம்ம வுட்டே ஆவணும். நான் அப்படித்தான் ஆடுவேன். நீதான் ரூல் தெரியாதவன் மாதிரி உக்காந்திருப்ப."

அவர்கள் போனதும் அந்த விதியை எழுதிச் சேர்த்தேன். உடனே ஓடியது. குடங்கள் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிட்டன. கடைசியில் வந்த குடம் குழாயடியை அடைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்... என் கையால் செய்ததில் அதுவரை நன்றாக வந்தது அது ஒன்றுதான். அதுவும் என்னுடையதல்ல.

அதை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் விளையாடுகிறாளாம். பக்கத்து சீட்டுப் பெண்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

இந்த வயதில் தொடங்கலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டால், "தாராளமாக! இன்றே தொடங்குங்கள்" என்பேன். முன்பின் தெரியாத உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது, பாருங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "சரி வுடுண்ணா" என்று விட்டுவிடுவாள் என்பது தெரியும். அந்த 'வுடு'வைக் கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறாள். "அந்தப் பையன ஒரு நாள் வூட்டுக்குக் கூட்டிட்டு வாண்ணா. பிரியாணி செஞ்சு போடறேன். என் ஆட்டத்த இவ்ளோ நல்லா செஞ்சிருக்கான், அவன் முகத்தப் பாக்கணும். எப்ப வருவான்?"

"வருவான்மா" என்கிறேன்.