ஆறு கிழமைக்கு ஒரு கோட்

இலையுதிர்காலத்துக்கென்று தனியாக ஒரு கோட் உண்டு என்பதே மொன்றியலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். குளிர்காலக் கோட் எல்லோரிடமும் இருக்கும். அது இல்லாமல் ஜனவரியில் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்க முடியாது. ஆனால் செப்டெம்பர் கடைசியில் எடுத்து, முதல் பனி கொட்டியதும் மடித்து வைக்கிற, மிஞ்சினால் ஆறு வாரம் போடுகிற மெல்லிய கம்பளிக் கோட் அப்படியானதல்ல. அது இல்லாமல் யாரும் விறைத்துப்போக மாட்டார்கள். ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே சமாளித்தேன். கண் மட்டும் அந்தக் கோட்டுகளின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

“ஆறு கிழமைக்கு ஒரு கோட்டா?” என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். அவர் கஞ்சத்தனம் பிடித்தவர் அல்ல. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. தேவைக்கு வாங்குவதை நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதைத் தாண்டி, அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை உடம்பில் போட்டுக்கொண்டு, இலை உதிர்கிற தெருவில் அவசரமில்லாமல் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒருத்தியைத் தவிர.

அவளைப் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் சந்தித்தேன். ஆசிரியை சஞ்சிகைகளில் இருந்து வெட்டிய படங்களை மேசையில் பரப்பி, ஆளுக்கு ஒன்றை எடுத்து, படத்தில் உள்ளவர் என்ன உடுத்திருக்கிறார் என்று பிரெஞ்சில் சொல்லச் சொன்னார். சாம்பல் நிற நீளக் கோட் போட்டு, கழுத்துப்பட்டியை உயர்த்திவிட்டு நின்ற ஒரு பெண்ணின் படத்தை நான் எடுக்கப் போனேன். அதே நேரம் இன்னொரு கை அதன் மறுமுனையைப் பிடித்தது. யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். படத்தை விடாமலே, “நீரும் இதைத்தான் பாத்தனீரோ?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்கு ‘நீர்’ போட்டுக் கதைத்தாள். நான் மட்டக்களப்பு வழக்கில் ‘நீங்க’ என்றேன். எவ்வளவு நெருங்கிய பிறகும் இருவரும் அதை மாற்றவில்லை.

வகுப்புகள் முடிந்ததும் எனக்கு லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. அவளுக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட, வெளிநாட்டிலிருந்து உடுப்புகளை இறக்கும் ஒரு கிடங்கில் வேலை. இந்த இரண்டு வேலைகளும் எங்கள் ஆசைக்கு எப்படிப் பொருந்தின என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

பாரிஸிலும் மிலானிலும் பெரிய டிசைனர்கள் இலையுதிர்கால உடுப்புகளைப் பெப்ரவரி, மார்ச்சிலேயே மேடையேற்றிவிடுவார்கள். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும்போது நான் பல் வைத்தியரின் பின்னறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த ஃபேஷன் ஷோக்களைக் கைபேசியில் பார்ப்பேன். தோள் இந்த வருடம் அகலமா, நீளம் கணுக்கால் வரையா, என்ன நிறம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, மாலையில் அவளுக்குச் சொல்வேன். பிறகு ஜூலையில், ஊரே கையில்லாத சட்டையோடு திரியும்போது, அவளுடைய கிடங்கில் கொள்கலன்களைத் திறப்பார்கள். உள்ளே சாதாரணக் கடைகளுக்கான இலையுதிர்காலக் கோட்டுகள் இருக்கும். நான் மேடையில் பார்த்தவற்றின் மலிவான தம்பி தங்கைகள். அன்றைக்கு அவள் கட்டாயம் அழைப்பாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதைப்பது குரலிலேயே தெரியும்.

“இந்த வருசம் எல்லாம் மண்ணிறம். நீர் சொன்ன மாதிரித்தான்,” என்பாள். எனக்குத் தீபாவளி வந்த மாதிரி இருக்கும்.

செப்டெம்பரில் காற்று மாறுகிற முதல் சனிக்கிழமை, இருவரும் மெட்ரோவில் சென்-கத்தரின் வீதிக்குப் போவோம். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம். எந்தக் கடையானாலும் தலை நிமிர்ந்து போவோம். அவள் எனக்குத் தேர்ந்தெடுப்பாள், நான் அவளுக்குத் தேர்ந்தெடுப்பேன். என்னிடம் எப்போதும் அவள் நீட்டியது நான் துணியாத நிறமாக இருந்தது. அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் இடுப்பில் பட்டி கட்டுகிற கோட்டுகள். அவள் நெடுவலான பெண். பட்டியை முன்னால் கொக்கியில் மாட்டாமல் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்புவாள். அந்த வேளையில் அவள் முகத்தில் ஓர் அமைதி வரும். கிடங்கில் தூசிக்கு மூக்கை மூடிக்கொண்டு பெட்டி தூக்கும் பெண் அங்கே இருக்க மாட்டாள். பெரும்பாலும் ஒரு கழுத்துத்துணியோ, ஒரு சோடிக் காலுறையோ வாங்கிக்கொண்டு திரும்புவோம். சில வருடங்களில் அதுவும் இல்லை. வெறுங்கையோடு வருகிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பிறகு அவளுடைய குடும்பம் ரொறொன்ரோவுக்குப் போனது. கணவரின் சகோதரர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். பிள்ளைகளும் அங்கே படிக்க விரும்பினார்கள். எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான் இங்கிருந்து போகிறார்கள். நான் தடுக்கக்கூடிய விடயமல்ல. அவர்களுடைய சாமான் வண்டி நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் தெருவைக் கடந்து போன அன்று நான் பல்கனியில் நின்று கையசைத்தேன். அடுத்த ஜூலையில் யாரும் எனக்கு நிறம் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கதைக்கும்போது பிள்ளைகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கதைத்தோம். கோட்டுகளைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் பாக்க எங்கை நேரம்” என்று சிரித்தாள்.

நான் தனியாகப் போகத் தொடங்கினேன். தனியாகப் போனால் பெரிய கடைகளில் ஒருவித வெட்கம் வந்தது. அதனால் சின்னக் கடைகள் இருக்கிற பக்கமாக நடந்தேன். அப்படித்தான் மூன்றாவது வருடம், சென்-லோரன் வீதியில், உள்ளூர் டிசைனர் ஒருவரின் சிறிய கடைக்குள் போனேன். உள்ளே ஓர் உருவப்பொம்மையின் மேல் நீளமான கோட் ஒன்று நின்றது. நிறத்தை என்னவென்று சொல்வது? ஊறவைத்த பழம்புளியை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு செம்மண்ணிறம் தெரியுமே, அது. பின்பக்கம் தோளில் இருந்து கீழே ஒரே மடிப்பாக இறங்கியது. அது விற்பனைக்கு இல்லை, வரப்போகும் கலெக்‌ஷனுக்காகத் தைத்துப் பார்ப்பது என்று கடைக்காரப் பெண் பிரெஞ்சில் சொன்னார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, கழுத்தில் அளவுநாடா தொங்கிய பெண். அவர்தான் டிசைனர் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டார்.

கடை வாசல்வரை நடந்து திரும்பச் சொன்னார். நடந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, பெப்ரவரியில் ஒரு சிறிய ஷோ நடத்துவதாகவும், மேடையில் நடக்க மாடல்களை விடச் சாதாரணப் பெண்களையே தேடுவதாகவும் சொன்னார். நான் முழுவதும் விளங்கிக்கொள்வதற்கு முன்பே ‘உய்’ என்று சம்மதம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். நாலு பேர் பார்க்க இந்த வயதில் மேடையேறுவதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, அன்றைக்கு அவரும் வரலாமா என்பதுதான். தோழியை அழைத்தேன். எந்தத் திகதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நான் வாறன். விடியக்காலை பஸ்ஸிலை ஏறிறன். நீர் நடக்கிறதை நான் முன்னுக்கு இருந்து பாக்க வேணும்.”

ஷோ அன்று பனிப்புயல். ரொறொன்ரோவில் இருந்து ஒரு பேருந்தும் புறப்படவில்லை. அவள் பேருந்து நிலையத்துக்குப் போய், காத்திருந்து, திரும்பிப் போயிருக்கிறாள். நான் அவளுடைய செய்தியைப் பார்த்தபோது முகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுதால் கலைந்துவிடும் என்று பூச்சுப் போட்ட பெண் மெதுவாகச் சொன்னார்.

இடம் கால்வாய் ஓரத்தில் ஒரு பழைய தொழிற்சாலை. கதிரைகள் இரண்டு பக்கமும் போடப்பட்டிருந்தன. என்னோடு ஓர் ஓய்வுபெற்ற தாதி, ஒரு பூக்கடைக்காரி, இரண்டு மாணவிகள். சிரிக்க வேண்டாம், தூரத்துச் சுவரைப் பார்த்து நடவுங்கள், கைகளைப் பைக்குள் விடுங்கள் என்று டிசைனர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். என் முறை வந்து வெளிச்சத்துக்குள் காலெடுத்து வைத்ததும் கைகளைப் பைக்குள் விடப் பார்த்தேன். பை திறக்கவில்லை. புதுக் கோட்டில் பையை நூலோட்டி மூடியிருப்பார்கள். அதைப் பிரிக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். பிறகு அதுவே சரியாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்மடிப்பு விரிந்து கணுக்காலில் தட்டுவது தெரிந்தது. இரண்டாவது வரிசையில் கணவர் குளிர்காலக் கோட்டைக் கழற்றாமல், வைத்தியரின் அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. தூரத்துச் சுவரைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் ஒரு பெண் கோட்டைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். என் உடம்புச் சூடு அதில் அப்போதும் இருந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில், பனியில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது, “அந்தக் கோட்ட வாங்குவமா?” என்று கணவர் கேட்டார். ஆறு கிழமைக் கணக்கு அவர் வாயில் வரவில்லை.

ஆனால் வாங்க முடியவில்லை. ஷோவைப் பார்த்த கடைகள் கேட்டால்தான் அந்தக் கோட்டை மேலும் தைப்பார்கள். மற்றவற்றைக் கேட்டார்கள், அதை யாரும் கேட்கவில்லை. அந்த நிறம் விற்பது கடினம் என்றார்களாம். அந்த ஒன்றையாவது தாருங்கள் என்று நான் கோடையில் போய்க் கேட்டேன். அதை வேறொரு ஊருக்குக் காட்டுவதற்கு அனுப்பியதாகவும், இனித் திரும்பி வராது என்றும் டிசைனர் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். இன்னொன்று தைக்கலாமே என்றேன். அந்தத் துணி முடிந்துவிட்டது என்றார். அந்த இலையுதிர்காலம் முழுவதும் மெட்ரோவில் எந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தாலும் அந்த மடிப்பு இருக்கிறதா என்றே தேடினேன்.

ஒக்டோபரில் தோழி வந்தாள். ஒரு கலியாண வீட்டுக்கு வந்தவள், ஒரு நாள் கூடுதலாக என்னோடு நின்றாள். கால் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். சென்-கத்தரின் வீதிக்குப் போவோமா என்று நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்க, அவளே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடைகளில் பாதி இல்லை. இருந்த ஒரு பெரிய கடைக்குள் போனோம். அவள் எனக்கு ஒரு கடும்பச்சைக் கோட்டை எடுத்துத் தந்தாள். உடுப்பு மாற்றும் அறைகளுக்கு முன்னால் இருந்த மெத்தை வைத்த நீள வாங்கில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“நடந்து காட்டும்,” என்றாள்.

“இங்கயா?”

“ஓம், இஞ்சைதான். அண்டைக்கு நடந்த மாதிரி.”

அறைகளுக்கு நடுவில் இருந்த குறுகிய வழியில் நான் நடந்தேன். கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். முடிவில் இருந்த கண்ணாடிவரை போய்த் திரும்பினேன். ஓர் அறையின் திரையை விலக்கிய பெண்ணொருத்தி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். தோழி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நினைச்ச மாதிரித்தான் நடந்திருக்கிறீர்,” என்றாள்.

நான் அவளுக்காக ஒரு கோட்டை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். மண்ணிறம், இடுப்பில் பட்டி. எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். கழுத்துப்பட்டியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். நல்ல கோட் என்றாள். பிறகு, எழும்பி நிற்கக் கால் விடாது, பேந்து பார்ப்போம் என்று சொல்லி, பட்டியை ஒழுங்காகக் கொக்கியில் மாட்டி என்னிடமே திருப்பித் தந்தாள்.

மறுநாள் காலை அவளைப் பேருந்து ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் பல முறை கதைத்துவிட்டோம். இந்த வருடம் மேடையில் வந்த நிறங்களையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். உட்கார்ந்தபடியே என்றாலும், அந்த மண்ணிறக் கோட்டை அவள் தோளில் ஒருமுறை போட்டுவிட்டிருக்கலாம்.