விரல் வைத்தும் திறக்காத கதவுகள்

டிஜிட்டல் பூட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: கதவு ஒழுங்காகத் திறக்கிற வரை யாருக்கும் நம் நினைப்பே வராது.

என் ஊர் வாணியம்பாடி. நாலு வருடமாக எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இருக்கிறேன். தமிழில் பேசுகிறவர்களின் அழைப்புகள் எனக்கும் பக்கத்து சீட் ரேணுகாவுக்கும் வந்துகொண்டிருந்தன. டீம் லீடர் மஞ்சுநாத் மைசூர்க்காரர், விதிமுறை தவறாதவர். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் நீங்கள் என்றால், அந்தப் பக்கம் உட்கார்ந்து நொந்தவள் நான். நாம் ஒரே கட்சிதான்.

ஐந்து நிமிடம்

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பார்சல் வாங்க ஓரடி வெளியே வைத்திருக்கிறார், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே இரண்டு வயதுக் குழந்தை. அடுப்பில் குக்கர். பூட்டின் ரகசிய நம்பர் தெரிந்த கணவர் டில்லி விமானத்தில். ஓடிபி அனுப்பினால் அந்தப் பெண்ணின் போனுக்குத்தான் போகும், அதுவும் உள்ளே சோபாவில் கிடந்தது. ஓடிபி இல்லாமல் இங்கிருந்தபடி கதவைத் திறக்க எனக்கு அனுமதி கிடையாது.

அதற்குள் அவர் மாவுக் கையோடு விரலை வைத்து வைத்து, பூட்டு முடங்கிப்போயிருந்தது. முடங்கிய பூட்டை ஐந்து நிமிடம் யாரும் தொடக்கூடாது. நடுவில் தொட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. செக்யூரிட்டி கதவை உடைக்க ஆள் கூப்பிட ஓடியிருந்தார். நான் அந்த அம்மாவைக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னேன். சும்மா நிற்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குக்கர் விசில் எனக்கே கேட்டது. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் கதவருகே போவார், நான் தொடாதீங்க என்பேன். மூன்றாவது நிமிடம் குழந்தையின் சத்தம் நின்றுவிட்டது. அவர் அழவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் முடிந்ததும் பூட்டில் விரல் வைக்கிற கண்ணாடியைத் துடைத்து இடது கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். திறந்தது. லைன் கட்டானது.

கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குழந்தை சோபாவில் தூங்கிப்போயிருந்ததாம். பருப்பு அடிப்பிடித்ததோடு சரி. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: “எட்டு விசில் வந்துச்சு மேடம். எட்டுக்கும் தொடாதீங்கன்னு சொன்னீங்க. உங்களுக்குப் புள்ள இருக்கா?”

யார் பேரில் பூட்டு

ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறாராம். வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, மூடுகிறது என்பதெல்லாம் அவர் போனில் தெரிகிறது. அவருக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது: உள்ளே இருப்பவர் திறக்க முடியாதபடி வெளியூரிலிருந்தே பூட்ட வழி உண்டா? இல்லை, உள்பக்கக் குமிழைத் திருகினால் எப்போதும் திறக்கும், தீ விபத்துக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்றேன். “பரவாயில்லைங்க” என்று வைத்துவிட்டார். நான் அந்த விலாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதே விலாசத்திலிருந்து ஒரு பெண் தணிந்த குரலில் கூப்பிட்டார். காய்கறி வாங்கப் போனாலும் ஏன் பதினாறு நிமிடம் என்று கணவர் கேட்கிறாராம். கணவரின் போனைப் பூட்டின் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றார். கணக்கு கணவர் பேரில் இருந்தது. கணக்குக்காரரைத் தவிர யாருக்கும் எதையும் மாற்றிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் எதையும் மாற்றவில்லை. பூட்டோடு வருகிற கையேட்டை எடுத்து, பேட்டரி மூடிக்குள் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பழைய விரல்களும் போன்களும் அழிந்துவிடும் என்கிற பதினேழாம் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். கடைசியில் பூட்டிலிருந்து நீளமாக ஒரு பீப் கேட்டது.

மூன்றாம் நாள் கணவர் புகார் கொடுத்தார். மஞ்சுநாத் என்னை அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, அந்த அழைப்பின் பதிவை முழுவதும் கேட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “கையேடு படிச்சுக் காட்றது நம்ம வேலைதான். ஒரே பக்கத்தை ரெண்டு தடவை படிச்சிருக்கே, அது ஒண்ணுதான் தப்பு.”

நாற்பத்தோரு பக்கம்

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒருவர். பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை. தன் வீட்டுக்கு யார், எப்போது வந்து போனார்கள் என்கிற விவரம் எங்கே சேர்கிறது, யார் பார்க்கலாம், அதற்கெல்லாம் இப்போது சட்டம் இருக்கிறதாமே, அது என்ன சொல்கிறது என்று கேட்டார். எல்லாம் நீங்கள் சம்மதித்த நிபந்தனைகளில் இருக்கிறது சார், நாற்பத்தோரு பக்கம் என்றேன். நீ படித்தாயா என்றார். என் குரல் பதிவாகிறது. பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம். நான் முழித்ததை அவர் புரிந்துகொண்டார். “நானும் படிக்கல, நீயும் படிக்கல. அப்ப யாரும்மா படிச்சிருக்கா?”

பதினொன்று நாற்பது

இது நடந்தபோது மதியம் மூன்றரை மணி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, காரணம் பின்னால் வருகிறது. ஒரு வீட்டுக்கார அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். முந்தைய நாள் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வீட்டில் யாரும் இல்லை. பீரோவிலிருந்த தங்க வளையலைக் காணோம். பூட்டுப் பதிவில் பதினொன்று நாற்பதுக்கு வேலைக்கார அம்மா செல்வியின் விரல். போலீஸ்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார், செல்வியும் அங்கேயே நிற்கிறார். அந்தப் பதிவு சரிதான் என்று கம்பெனி சார்பில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

செல்வி ஜோகுபாளையத்துக்காரர். எப்போதும்போல சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல்தான் வந்தேன், அம்மா உள்ளே தூங்கிட்டிருந்தாங்க என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என் திரையிலும் பதினொன்று நாற்பதுதான். சரி என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. எங்கள் பூட்டு தப்பாகக் காட்டலாம் என்று போலீஸ் எதிரில் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. இருந்தும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா என்று கேட்டேன். போன வாரம் என்றார். பூட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து அது இப்போது என்ன மணி காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன்.

காலை பத்து மணி என்று படித்தார். படித்துவிட்டு அவரே நிறுத்திவிட்டார். பேட்டரி மாற்றியதும் பூட்டு இந்திய நேரத்தை மறந்து லண்டன் பக்கத்து நேரத்துக்குப் போயிருந்தது, ஐந்தரை மணி நேரம் பின்னால். நீங்கள் நேற்று ஒரு மணிக்குத் திரும்பி வந்தது எப்படிப் பதிவாகியிருக்கிறது, பாருங்கள் என்றேன். காலை ஏழரை. அப்படியானால் பதினொன்று நாற்பது என்பது சாயந்திரம் ஐந்து பத்து. போலீஸ்காரர் நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. வளையல் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வி போன் பக்கத்தில் வந்து பேசியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: “அஞ்சு மணிக்குத்தான் வந்தேன்னு காலையிலேர்ந்து நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். பூட்டு சொன்னாத்தான் நம்புவாங்கன்னா, இப்ப அது சொல்லிடுச்சா மேடம்?”

எங்கள் வாசல்

எங்கள் ஆபீசுக்கும் எங்கள் பூட்டுதான். போன வருடம், மனிதரைப்போலப் பேசுகிற ஒரு புரோகிராமைப் பழக்குவதற்காக எங்கள் பழைய அழைப்புப் பதிவுகளை எல்லாம் கம்பெனியில் எடுத்துக் கொடுத்தார்கள். உங்கள் பாரம் குறையும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி கேப் எங்களை இறக்கிவிட்டது. ரேணுகா எனக்கு முன்னால் போய் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. வேறு விரல். சிவப்பு. பின்னால் நின்றவர்களில் பாதிப்பேருக்கும் அதேதான். மஞ்சுநாத்தின் விரலும் அன்றைக்கு எடுபடவில்லை. செக்யூரிட்டி கையில் ஒரு பட்டியல் இருந்தது, அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. வைக்கவே பயமாக இருந்தது. பச்சை எரிந்து கதவு திறந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதிக நேரம் திறந்திருப்பதாக அது கத்த ஆரம்பித்தது. ரேணுகாதான் என் தோளைத் தொட்டு உள்ளே தள்ளினாள். “நீ போ, லேட் போட்டுடுவாங்க. என் டிராயர்ல அப்பாவோட மருந்துச் சீட்டு இருக்கு, அதை மட்டும் எடுத்துட்டு வந்து கொடு.”

இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், பூட்டில் கோளாறு வருவது அபூர்வம்தான். அது யார் சொல்வதைக் கேட்கிறது என்பதில்தான் தினமும் வருகிறது.