நெத்திலிக்கு நின்ற பஸ்

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அஞ்சு வருசமும் நான் "உள்ளேன்" என்று சொன்னது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குக்கூடக் கேட்டிருக்காது. அப்படிப்பட்டவள் தொண்ணூற்றொன்றாம் வருசம் ஒரு பஸ்ஸைத் தினமும் நிறுத்தினேன் என்றால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒரகடத்துப் பக்கம் எங்கள் ஊர். ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், பாதி தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே சத்துணவுக் கூடத்தில் எனக்கு ஆயா வேலை. ஒன்பது மணிக்குள் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு வேகாது. பிள்ளைகளோ மணி அடித்த மறுநிமிசம் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிடும்.

அந்த வருசம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தார்கள். பள்ளிக்கூடத்து முனையில் இருந்த சின்னப் பாலத்தை உடைத்தார்கள், ஜல்லியைக் கொட்டினார்கள், பஸ் ஸ்டாப் கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டார்கள். அப்புறம் ஆளையே காணோம். ரோடு ரோலர் மட்டும் நின்றது. அதன் நிழலில் ஆடு படுத்து அசை போட்டது.

கண்டக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அங்க ஸ்டாப் எடுத்துட்டாங்கம்மா. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வா."

அடுத்த ஸ்டாப் ஏரிக்கு அந்தப் பக்கம். இறங்கித் திரும்பி நடந்தால் அரை மணி நேரம் ஆகும். காலையில் எங்கள் ரூட்டில் வருவதே அந்த ஒரு பஸ்தான். மூன்று நாள் லேட்டாகப் போய் நின்றேன். சத்துணவு டீச்சர் அரிசி மூட்டை மேல் கை வைத்துக்கொண்டு, "இன்னா ஆயா, நான் அடுப்பு ஊதறதா, கையெழுத்து போடறதா?" என்று கேட்டார். நான் முந்தானையால் அடுப்பைத் துடைத்தேன்.

அந்த வாரமே ஒரு நாள், சமையல்காரம்மா கேட்டாள் என்று நெத்திலிக் கருவாடு கொஞ்சம் மூட்டை கட்டி எடுத்துப் போனேன். எப்போதும் போல முன் சீட். குலுங்கின குலுக்கலில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது போல. தாலுக்கா ஆபீசுக்குப் போகிற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"யோவ் கண்டக்டர், இது பஸ்ஸா, மீன் மார்க்கெட்டா?"

"யார்து அது? நீயாம்மா? எறங்கு, எறங்கு மொதல்ல!"

விசில் ஊதினார். அவமானத்தில் தலை குனிந்தபடியே இறங்கினேன். பஸ் போன பிறகு நிமிர்ந்து பார்த்தால், எதிரில் ரோடு ரோலர். பள்ளிக்கூடத்து முனை! ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போதே அடுப்பு எரிந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாளிலிருந்து மூட்டை என் கூடவே வந்தது. அதிலும் கணக்கு இருக்கிறது. நெத்திலி என்றால் பள்ளிக்கூடத்து முனைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற புளியமரம் தாண்டினதும் முடிச்சைத் தளர்த்தினால் போதும். வாளைக் கருவாடு வீரியமானது, உடைத்துப் போட்ட பாலத்துக்குக் கிட்டே வந்து திறக்கலாம். மழை பெய்து ஜன்னல் படுதா இறக்கியிருந்தால் ரெண்டு விரல் திறந்தாலே பஸ் முழுக்கப் பரவிவிடும். எவனாவது தார் காய்ச்சினால்தான் கஷ்டம், கருவாடு தோற்றுவிடும். நல்ல வேளையாக அந்த ரோட்டில் தார் காய்ச்ச ஒருத்தரும் வரவில்லை.

பக்கத்தில் உட்காருகிற கீரைக்காரிக்கு மட்டும் விசயம் தெரியும். புளியமரம் வந்தால் என் தொடையில் கிள்ளுவாள். "அவுத்து வுடுடி, அவுத்து வுடு. வெள்ளச் சட்ட இன்னிக்கு ரெண்டு பேரு ஏறிகீறானுங்க."

கண்டக்டருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கத்துகிற சனத்தை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? விசிலை ஊதிவிட்டு, "இந்தம்மா குடும்பமே கருவாட்டுலதான் பொழைக்குது போல" என்று முணுமுணுப்பார்.

கார்த்திகை பிறந்ததும் எல்லாம் கெட்டது. டிரைவர் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் எப்படிக் கருவாட்டை அவிழ்ப்பேன்? வெள்ளைச் சட்டையைச் சீண்டலாம், விரதக்காரரைச் சீண்டலாமா? கருவாட்டை வீட்டுப் பரணில் போட்டேன். மறுபடி ஏரிக்கரை நடை. மழையில் சேறு வேறு. ரெண்டு நாள் லேட்.

டீச்சர் இந்த முறை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கும் இப்படி வந்தா நான் வேற ஆள் பாத்துக்கறேன் ஆயா. பசங்க பசியோட நிக்குது" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் மடியில் இருந்தது கத்திரிக்காய் மூட்டை. வீட்டுப் பின்னால் காய்த்தது, கூடத்துச் சாம்பாருக்கு. புளியமரம் வந்தது. கீரைக்காரி கிள்ளினாள். நான் என்ன நினைத்தேனோ, எழுந்தேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"சாமி..."

"இன்னாம்மா?"

"மூட்டையில கருவாடு கீது சாமி."

பிரேக் போட்டார் பாருங்கள், பின்னால் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்துவிட்டார்கள். "சாமியே! எறங்கும்மா தாயே, சீக்கிரம் எறங்கு!"

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நான் தரையில் நின்றேன். கீரைக்காரி ஜன்னலில் தலையை நீட்டி, "காம்பு தெரியுதுடி, மூடு!" என்றாள். குனிந்து பார்த்தால் மூட்டையில் ஒரு கத்திரிக்காய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாலை போட்டவரிடம் பொய் சொன்னது பாவம்தான். ஆனால் அவர் மூக்கில் கருவாடு ஏற்றியிருந்தால் அது பெரிய பாவம். சின்னதை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் கத்திரிக்காய் மூட்டையோடு எழுந்து நின்றாலே பஸ் நிற்கும். நான் இறங்குகிற சாக்கில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இறங்கினார்கள், அந்த ஊர்ச் சனமெல்லாம் இறங்கியது. சிலர் அங்கேயே நின்று கை காட்டி ஏறவும் தொடங்கினார்கள்.

மார்கழிக் கடைசியில் டிரைவர் மலைக்குப் போய்விட்டு, தாடியெடுத்து, காக்கிச் சட்டையில் வந்தார். நான் ஏறினதும் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் மாலை போட்டிருந்த இத்தினி நாளா என் முதுகுக்குப் பின்னாடியே கருவாடு எடுத்தாந்த. எனக்கு ஒரு வாட்டிகூட நாத்தமே வரலியே, அது எப்படி?"

முன் சீட்டெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். கீரைக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இனி எதைச் சொல்லி இவரை நிறுத்துவேன்?

"உங்க விரதம் அவ்ளோ சுத்தம் சாமி" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடியில் தலையைச் சரி செய்துகொண்டார். "கேட்டுக்கினியாடா?" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூடத்து முனையில் நான் எழுவதற்கு முன்பே பஸ் நின்றது.